மொனாக்கோ போய் வந்த மருந்துச்சீட்டு

முப்பது டாக்டர்கள். 1.91 கோடி ரூபாய். மொனாக்கோ, பாரிஸ். முதுமையைத் தள்ளிப்போடும் மருத்துவம் பற்றிய மாநாடாம். செலவு, ஆப்வி ஹெல்த்கேர் இந்தியா என்ற மருந்து கம்பெனியுடையது. மத்திய அரசின் மருந்துத் துறை இதை விசாரித்தது. 2024 டிசம்பரில் தீர்ப்பும் சொன்னது. கம்பெனிக்குக் கிடைத்த தண்டனை? கண்டிப்பு.

டவுன் பஸ்ஸில் டிக்கெட் வாங்காதவனுக்கே 500 ரூபாய் வரை அபராதம் உண்டு.

டாக்டர்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி மருத்துவ ஆணையத்துக்குக் கடிதம் போனதாம். போகட்டும். கடிதமாவது சொந்தச் செலவில் போகிறதே.

இந்தக் கண்டிப்புக்கும் ஒரு விதித்தொகுப்பு இருக்கிறது. 2024 மார்ச்சில் வந்தது. பரிசு கூடாது, உல்லாசப் பயணம் கூடாது என்கிறது. மீறினால்? வழக்கமாக முதலில் கம்பெனிகளின் சங்கமே விசாரிக்கும். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். மிஞ்சிப்போனால் சங்கத்திலிருந்து நீக்குவார்கள். சிறை என்ற பேச்சே கிடையாது.

சிறை பயம் இல்லாத கம்பெனிகளின் துணிச்சல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சாட்சி நம்ம சென்னையிலேயே உண்டு. ஜிங்கோவிட் மாத்திரை பற்றி 'விழிப்புணர்வு' ஊட்ட ஏபெக்ஸ் லேபரட்டரீஸ் கம்பெனி டாக்டர்களுக்குத் தங்கக் காசு, டி.வி., ஃபிரிட்ஜ், லேப்டாப் என்று வாரி வழங்கியது. ஃபிரிட்ஜைத் திறந்ததும் என்ன விழிப்புணர்வு வரும் என்று கேட்காதீர்கள். அந்தச் செலவு 4.72 கோடிக்கு வரிக் கழிவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். வாங்கத்தான் டாக்டருக்குத் தடை, கொடுக்க எங்களுக்கு ஏது தடை என்பது வாதம். 2022 பிப்ரவரியில் நீதிமன்றம் முடியாது என்றது. இலவசத்தின் விலை மருந்தின் விலையில் ஏறி நோயாளி தலையில் விடிகிறது என்றும் சொன்னது. ஆனால் அது வரி வழக்கு. போனது கழிவு மட்டும்தான்.

அமெரிக்காவைப் பாருங்கள். அரசுக் காப்பீட்டுப் பணத்தில் கமிஷன் அடித்தால் பத்தாண்டு வரை சிறை. ஃபென்டனில் என்ற வலிநிவாரணி ஸ்பிரேயை எழுதித்தள்ள டாக்டர்களுக்கு லஞ்சம் கொடுத்த வழக்கில் இன்சிஸ் கம்பெனி நிறுவனர் ஜான் கபூருக்கு 2020இல் ஐந்தரை ஆண்டு தண்டனை. அவர் பிறந்தது அமிர்தசரஸில். பாவம், ஊரிலேயே கடை போட்டிருந்தால் கண்டிப்போடு போயிருக்கும்.

இங்கே 2023 ஆகஸ்ட்டில் மருத்துவ ஆணையம் டாக்டர்களுக்குக் கடுமையான விதிகளைக் கொண்டுவந்தது. எதிர்ப்பு கிளம்பியது. அந்த மாதம் முடிவதற்குள் நிறுத்திவைத்துவிட்டது. அந்த விதிகளுக்குத்தான் முதுமையே வரவில்லை.

கமிஷன் மருந்தோடு நிற்பதில்லை. "ஸ்கேன் அந்த சென்டர்லயே எடுங்க" என்று டாக்டர் சீட்டில் பெயரை வட்டமிட்டுத் தரும்போது, வாயைத் திறக்காமல் தாலியை அடகு வைக்கிறவர்கள் நாம். கேட்பது ஒன்றுதான். கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் சிறை என்று சட்டம் போடுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் இதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.