குற்றம் கண்டுபிடிப்பது எப்படி?

பிபிசியின் ‘ஷெர்லக்’ தொடரை இன்னும் பார்க்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மொத்தம் 13 அத்தியாயங்கள்தான், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஆனால் பார்த்துவிட்டுப் பேசாமல் எழுந்து போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் அது தப்பு. 2010 ஜூலையில் தொடங்கி 2017 ஜனவரியில் முடிந்த அந்தத் தொடரை உலகம் பார்த்த நேரத்தைவிட அதைப் பற்றிச் சண்டை போட்ட நேரம்தான் அதிகம். அந்தச் சபையில் உங்களுக்கும் ஒரு நாற்காலி வேண்டுமென்றால் எங்கே புன்னகைப்பது, எங்கே தலையில் அடித்துக்கொள்வது என்பதைப் பழகிக்கொள்ள வேண்டும்.

முதலில் நீங்கள் ‘மூலக் கதையைப் படித்தவர்’ ஆகிவிட வேண்டும். பயப்படாதீர்கள். ஹோம்ஸை வைத்துக் கானன் டாயில் எழுதிய 4 நாவல்களையும் 56 சிறுகதைகளையும் யாரும் உங்களிடம் ஒப்பிக்கச் சொல்லப்போவதில்லை. 1887இல் வந்த முதல் நாவலான ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’ போதும். அதில் கொலைகாரன் ஒரு குதிரை வண்டிக்காரன். இரண்டு மாத்திரைகளை நீட்டி, ஒன்றை எடுத்துக்கொள் என்பான். தொலைக்காட்சியில் அவன் லண்டன் டாக்ஸி ஓட்டுநர். ஆகவே முதல் அத்தியாயத்தில் டாக்ஸி ஒன்று கண்ணில் பட்டதுமே மெல்லத் தொண்டையைக் கனைத்துக்கொள்ளுங்கள். காரணத்தை மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் வீட்டார் அடிக்க வருவார்கள், சொல்லாமல் சிரித்தால் மேதை என்பார்கள்.

அடுத்தது கைபேசி. டாயிலின் ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ நாவலில் ஹோம்ஸின் நண்பர் வாட்சன் தரும் பைக் கடிகாரத்தின் சாவித் துளையைச் சுற்றி இருக்கும் கீறல்களைப் பார்த்தே, அதை வைத்திருந்த அண்ணன் குடிகாரர் என்று ஹோம்ஸ் சொல்லிவிடுவார். இங்கே சார்ஜர் சொருகும் இடத்தைச் சுற்றிக் கீறல்கள். பின்புறம் ஹாரி என்ற பெயர் பொறித்திருக்கிறது. அண்ணனோ தம்பியோ என்று ஷெர்லக் கணிக்கிறார். ஹாரி என்பது ஹாரியட், வாட்சனின் சகோதரி. மூலத்தைப் படித்தவரும் ஷெர்லக்கும் ஒரே குழியில் விழும்படி, தொடரை உருவாக்கிய ஸ்டீவன் மொஃபட்டும் மார்க் கேட்டிஸும் வெட்டி வைத்த இடம் அது. நான்காம் பருவத்தில் இதைவிட ஆழமான குழி ஒன்று உண்டு. ஒருவன் தாட்சர் அம்மையாரின் சிலைகளாகத் தேடித் தேடி உடைக்கிறான். ‘ஆறு நெப்போலியன்கள்’ கதையைப் படித்தவர்கள் எல்லாரும் உள்ளே கறுப்பு முத்து என்று காத்திருந்தார்கள். ஷெர்லக்கும் அதையேதான் நம்பினார். உடைத்தபோது உள்ளே கிடந்தது ஒரு பென்டிரைவ்.

கூட்டத்தில் மானம் காக்கும் தகவல் ஒன்று சொல்கிறேன். ஆப்கானிஸ்தான் போரில் வாட்சனுக்குக் குண்டு பட்டது எங்கே? முதல் நாவலில் தோளில், இரண்டாவதில் காலில். டாயில் மறந்துபோனார், அவ்வளவுதான். தொடரை எடுத்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? காயத்தைத் தோளில் வைத்து, நொண்டுவதை வெறும் மன பாதிப்பாக்கிவிட்டார்கள். நூற்றிருபது ஆண்டுப் பிழைக்கு இதைவிட அழகான திருத்தம் எனக்குத் தெரிந்து இல்லை. இதை எடுத்த எடுப்பிலேயே கொட்டிவிடாமல், கடைசியில் பரிமாறும் பாயசம் மாதிரி வைத்திருங்கள்.

‘ஹோம்ஸை எதற்கு நம் காலத்துக்கு இழுத்து வர வேண்டும்?’ என்று ஒரு பெரியவர் கட்டாயம் கேட்பார். அவருக்கு மூன்று பதில்கள். 1940களிலேயே பேசில் ராத்போன் நடித்த ஹோம்ஸ் நாஜிகளைத் துரத்தியிருக்கிறார். 1880இல் மைவாண்டில் காயம்பட்ட வாட்சனை 2010இலும் ஆப்கானிஸ்தானிலிருந்தே திரும்பி வரச் செய்ய முடிந்தது, அந்த வேலையை பிரிட்டிஷ் அரசே மிச்சப்படுத்திக் கொடுத்திருந்தது. மூன்றாவதுதான் பிரம்மாஸ்திரம். மேடையில் ஹோம்ஸாக நடித்த வில்லியம் ஜில்லெட், ஹோம்ஸுக்குக் கல்யாணம் செய்து வைக்கலாமா என்று டாயிலிடமே கேட்டார். கல்யாணம் செய்யலாம், கொல்லலாம், என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று டாயில் கைகழுவிவிட்டார். ஆசிரியரே அனுமதித்த பிறகு வழக்கேது? ஆனால் பெரியவர் அதோடு அடங்கிவிட மாட்டார். அடங்கவும் கூடாது, இல்லையென்றால் மாலைப்பொழுது எப்படிப் போகும்?

அவர் அடுத்து, பழைய கதைகளில் ஓட்டையே கிடையாது என்பார். அப்போது ‘தி ஸ்பெக்கிள்ட் பேண்ட்’ கதையை எடுங்கள். இந்தியாவிலிருந்து வந்த சதுப்பு நில விரியன் ஒன்று, மணிக் கயிற்றில் இறங்கிக் கடித்துவிட்டு, விசில் சத்தம் கேட்டுத் திரும்பி, தட்டில் வைத்த பாலைக் குடிக்கும். அப்படியொரு பாம்பு இந்தியாவில் இல்லை. (புற்றுக்குப் பால் ஊற்றுகிற நாம் பால் விஷயத்தில் மட்டும் டாயிலை ரொம்பவும் சீண்ட முடியாது.)

ஒரே ஓர் இடத்தில் விளையாட்டை நிறுத்திவிடுங்கள். 1891இல் வந்த கதையில் ஐரீன் அட்லர் ஹோம்ஸைத் தோற்கடித்துவிட்டுக் கணவனோடு கிளம்பிப் போய்விடுகிறாள். 2012இல் அவள் ஷெர்லக் மேல் மயங்கி, அவர் பெயரையே கைபேசிக் கடவுச்சொல்லாக வைத்துத் தோற்கிறாள். கடைசியில் கராச்சியில் அவர் வந்து அவள் தலையைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. விக்டோரியா ராணி காலத்தவர் கொடுத்த வெற்றியை நம் காலத்தவர் பிடுங்கிக்கொண்டார்கள் என்று அன்றே பலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் நியாயமானது. முதல் பருவத்தின் ‘பிளைண்ட் பேங்கர்’ அத்தியாயம் சீனர்களைக் காட்டிய விதத்தைப் பற்றிய புகாரும் அப்படித்தான். இந்த இரண்டுக்கும் புன்னகை உதவாது, குரலை உயர்த்தலாம்.

இப்போது முக்கியப் பாடம். 2012 ஜனவரி 15 அன்று லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனைக் கூரையிலிருந்து ஷெர்லக் குதித்தார். சில நிமிடம் கழித்துத் தன் கல்லறையருகே உயிரோடு நின்றார். அடுத்த அத்தியாயம் வந்தது 2014 ஜனவரி 1இல். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் ரசிகர்கள் அந்தக் காட்சியை நொடி நொடியாக நிறுத்திப் பார்த்தார்கள். அழுக்குத் துணி லாரி, நாடியை நிறுத்த அக்குளில் பந்து, வில்லன் மோரியார்ட்டியின் பிணம், சவக்கிடங்கு மாலி என்று ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். அருகிலிருந்த தொலைபேசிக் கூண்டில் ஷெர்லக்குக்குச் சீட்டுகள் ஒட்டினார்கள். நீங்களும் ஒன்று தயார் செய்யுங்கள். ஈர்ப்பு விசை, காற்றின் வேகம், ஒரு வரைபடம் இருந்தால் நல்லது.

பிபிசி என்ன செய்தது? இந்த ரசிகர்களையே கதைக்குள் கொண்டுவந்து, அவர்களுடைய யூகங்களைப் படமாக்கிக் காட்டிக் கிண்டல் செய்தது. கடைசியில் ஷெர்லக் சொன்ன விளக்கம் ஒரு பெரிய காற்று மெத்தை. அதையும் கேட்டவர் நம்பவில்லை. பார்த்தவர்களும் நம்பவில்லை. உண்மையில், தானே சாகடித்த ஹோம்ஸைத் திரும்ப உயிரோடு கொண்டுவர 1903இல் டாயில் தந்த விளக்கம் இதைவிட மெலிந்தது. எனக்கு மல்யுத்தம் தெரியும், மோரியார்ட்டி மட்டும் விழுந்தான் என்பார் ஹோம்ஸ். பத்து வருடம் காத்திருந்த வாசகர்கள் ஆள் திரும்பினால் போதும் என்று ஏற்றுக்கொண்டார்கள். காட்சியை நிறுத்திப் பார்க்கும் பொத்தான் அவர்கள் கையில் இல்லை.

இதற்கிடையே அமெரிக்க ஹோம்ஸ் தொடரான ‘எலிமெண்டரி’யா, ‘ஷெர்லக்’கா என்று ஒரு கட்சியில் சேரச் சொல்வார்கள். ஷெர்லக்காக நடித்த கம்பர்பாட்சும் ‘எலிமெண்டரி’யின் ஜானி லீ மில்லரும் 2011இல் லண்டனில் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாடகத்தில் வேடத்தை மாற்றி மாற்றி நடித்து விருதையும் பகிர்ந்துகொண்டவர்கள் என்று சொல்லி நழுவிவிடுங்கள்.

பத்திரிகையில் எழுதப்போகிறீர்கள் என்றால் மட்டும் கவனம். 2017இல் ஷெர்லக் ஜேம்ஸ் பாண்ட் ஆகிவிட்டார் என்று ஒரு விமர்சகர் எழுத, கேட்டிஸ் செய்யுளிலேயே பதில் அடித்தார். 1912இல் டாயிலும் ஒரு விமர்சகருக்கு அப்படித்தான் செய்தார். பரம்பரை விடாது.

உயர்நிலைப் பயிற்சி 2017 ஜனவரியில் நடந்தது. ஜனவரி 15இல் வந்த கடைசி அத்தியாயம், ஷெர்லக்குக்குப் புதிதாக முளைத்த ஒரு தங்கையைச் சுற்றியே சுழன்றது. முடிவு பலருக்குப் பிடிக்கவில்லை. சாதாரணப் பார்வையாளர் ‘சொதப்பிவிட்டார்கள்’ என்று தொலைக்காட்சியை அணைப்பார். தேர்ந்த ரசிகர்கள் சிலர் அணைக்கவில்லை. இவ்வளவு மோசமாக எடுக்க இவர்களால் முடியாது, ஆகவே இது பொய் முடிவு, நிஜ முடிவு ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று துப்பறிந்தார்கள். அடுத்த ஞாயிறு 22ஆம் தேதி அதே நேரத்தில் ‘ஆப்பிள் ட்ரீ யார்ட்’ என்று ஒரு புது நாடகம் அறிவிக்கப்பட்டிருந்தது. அது வெறும் திரை, உள்ளே அந்தப் பருவத்தின் நான்காவது அத்தியாயம் வரும் என்று விழித்திருந்தார்கள். வந்தது ‘ஆப்பிள் ட்ரீ யார்ட்’தான்.

அதன் கதாநாயகி எமிலி வாட்சன். வாட்சன்! தற்செயல் என்று நினைத்தால் நீங்கள் இன்னும் தேறவில்லை.