கருங்குழி விதி: நெடிய ஆங்கிலச் சொற்களை வெட்டும் முறை

நெடிய ஆங்கிலச் சொல்லை வெட்டும் கலையில் பள்ளிப் பிள்ளைகளிடம் நெடுங்காலமாக வழங்கிவருவது கழுதைமுறை. 'அசாசினேஷன்' என்னும் 13 எழுத்துச் சொல்லுக்கு இம்முறையின் சூத்திரம்: ஒரு கழுதை, அதன் பின் ஒரு கழுதை, அதன் பின் நான், என் பின்னால் நாடு. இந்நான்கையும் ஆங்கிலத்தில் சேர்த்து எழுதினால் ஓர் எழுத்தும் பிசகாது. வாய்விட்டுச் சொல்லும்போதுதான் சிக்கல். முதல் கழுதையின் வால் இரண்டாம் கழுதையோடு ஒட்டிக்கொள்ள, அழுத்தம் 'நே'யில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. எனவே இம்முறை கைக்கு ஆகும், நாவுக்கு ஆகாது.

இரண்டாவது, சொல்லை அதன் உறுப்புகளாகக் கழற்றும் உறுப்புமுறை. இதற்குச் சான்று தேடி ஆக்ஸ்ஃபோர்டு போக வேண்டியதில்லை. மதுராந்தகத்தை அடுத்த கருங்குழியில் பஸ்ஸைவிட்டு இறங்கினால் போதும். கருமையும் குழியும் சேரும்போது 'மை' கெட்டு, 'கு'வுக்கு இனமான 'ங்' மிகுந்து கருங்குழி ஆயிற்று. (வள்ளலார் தங்கியிருந்த கருங்குழி வடலூர்ப் பக்கம் இருப்பது. அதற்கும் இதே விதிதான், ஆய்வுக்குப் பழுதில்லை.) இந்த இனப்பாசம் ஆங்கிலத்திலும் உண்டு. மறுப்பைக் காட்டும் 'இன்', 'பாசிபிள்' முன்னே 'இம்' ஆகும், 'லீகல்' முன்னே 'இல்' ஆகும், 'ரெகுலர்' முன்னே 'இர்' ஆகும். மூன்றாம் பீரியடில் 'நடந்தனன்' என்பதைப் பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, சாரியை, விகுதி என்று கழற்றி வைத்து முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளை, நான்காம் பீரியடில் 'இர்ரெஸ்பான்ஸிபிலிட்டி'யைக் கண்டு விழிப்பதற்கு ஒரே காரணம், நன்னூல் இலக்கணம் செய்த பவணந்தியார் ஆங்கில வகுப்புக்கு வருவதில்லை.

அழுத்தம் பெரிய வில்லங்கம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை என்று மாத்திரை அளந்து எல்லா எழுத்துக்கும் கூலி கொடுப்பது தமிழ் நாக்கு. ஆங்கிலம் ஓர் அசைக்கு மட்டும் கொட்டிக்கொடுத்து மற்றவற்றைப் பட்டினி போடும். 'கம்ஃபர்டபிள்' என்பதில் தமிழர் நான்கு அசையையும் ஒழுங்காகச் சொல்ல, ஆங்கிலேயர் பலர் ஒன்றை விழுங்கி மூன்றோடு முடித்துக்கொள்கிறார்கள். 'ஃபோட்டோகிராஃப்' முதல் அசையில் அழுந்தும். பின்னால் 'அர்' சேர்ந்தால் இரண்டாவதில், 'இக்' சேர்ந்தால் மூன்றாவதில். 'ஷன்', 'இக்', 'இட்டி' என்று முடியும் சொற்களில் அவ்விகுதிகளுக்கு முந்திய அசையே பெரும்பாலும் அழுந்தும். 'அரித்மெட்டிக்' அடங்காது, கணக்குக்கே கணக்கு உதைக்கிறது.

'ரெஸ்பான்ஸிபிலிட்டி'க்கு ஆங்கிலத்தில் 6 அசை. தமிழ் யாப்பில் நேர் நேர் நிரை நேர் நேர் என்று 5. ஒரு சீருக்கு நான்கு அசைக்கு மேல் இடமில்லை என்பதால் இச்சொல்லை எந்தப் புலவரும் ஒரே சீரில் அடைக்க முடியாது. 'பொறுப்பு' இரண்டே அசையில் அடங்கிவிடுகிறது.

வெட்டு எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. ஹைதர் அலியோடு நடந்த போரில், 1781 ஜனவரியில் கம்பெனிப் படை பிடித்த கருங்குழிக் கோட்டை, ஆங்கிலேயர் எழுத்தில் 'காரங்கூலி'. 'க'வும் 'கு'வும் நீண்டன, ழகரம் லகரமாயிற்று. அலகிட்டுப் பார்த்தால் சேதம் தெரியும்: நிரை நிரை என்று கருவிளமாக இருந்த ஊர், நேர் நேர் நேர் நேர் என்று தேமாந்தண்பூ ஆகிவிட்டது. கருவிளம் வெண்பாவுக்குள் நுழையும், தேமாந்தண்பூ நுழையாது.