சொந்த ஸ்க்ரூ டிரைவருடன் வருகிறேன்

பெருமதிப்பிற்குரிய மனிதவளப் பிரிவு அவர்களுக்கு,

அந்தமானின் பாம்பூஃப்ளாட் படகுத்துறைப் பக்கத்திலிருந்து பணிவான வணக்கம்.

நேற்று தங்கள் பிரிவுத் தம்பி என்னை வீடியோவில் பேட்டி கண்டார். கடலுக்கடியில் 2,312 கிலோமீட்டர் கேபிள் இழுத்து 2020-ல் இந்தத் தீவுகளுக்கு வேகமான இணையம் கொடுத்தது எதற்காக என்று நேற்றுத்தான் விளங்கியது. தம்பி கேட்டார்: "அங்கிள், அசெம்ப்ளர்ல முப்பது வருஷம்னு போட்டிருக்கீங்களே, டெஸ்க்டாப் மட்டும்தான் அசெம்பிள் பண்ணுவீங்களா, லேப்டாப்பும் வருமா?" மாலையில் மின்னஞ்சலும் வந்தது. ஹார்டுவேர் பிரிவில் தற்காலிக வேலையாம். ஸ்க்ரூ டிரைவர் செட் சொந்தமாகக் கொண்டுவரவேண்டுமாம்.

தங்கள் கருணையே கருணை. மூன்று நாள் முன்பு இதே நிறுவனத்தின் வேறொரு மாடியிலிருந்து நள்ளிரவில் போன். கடல் கடந்த வங்கியின் வட்டிக் கணக்கு நிரல் 'சாக் செவன்' என்ற பிழை அடித்து விழுந்துவிட்டது, நினைவக டம்ப் படிக்க ஆளில்லை, நிரலின் கமெண்டில் உங்கள் இனிஷியலும் 1999-ம் இருக்கிறது, உடனே வாருங்கள் சார் என்று கெஞ்சினார்கள். அந்த மாடிக்கும் தங்கள் மாடிக்கும் நடுவே லிஃப்ட் ஓடவில்லை போலும். வந்ததும் முதல் வேலையாக அதன் நட்டை முறுக்கித் தருகிறேன்.

தாங்கள் அறியாததா? அசெம்ப்ளர் ஒரு கணினி மொழி. 1964 ஏப்ரல் 7-ல் ஐபிஎம் சிஸ்டம்/360-ஐ அறிவித்தபோது இருந்த கட்டளைகள் 2025-ல் வந்த இசட்17 மெயின்பிரேமிலும் ஓடுகின்றன. அமெரிக்க வருமான வரித் துறையின் தனிநபர் கணக்குக் கோப்புக்கு 56 வயது, அசெம்ப்ளியில் எழுதியது என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2016-ல் சொன்னது. எத்தனையாம் நம்பர் ஸ்க்ரூ டிரைவரால் பூட்டினார்கள் என்று விசாரித்துச் சொல்கிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு மரியாதை உண்டு. பொதுப் பயன்பாட்டுக்கு மொத்தம் 16 ரெஜிஸ்டர். ஒரு நிரல் இன்னொன்றை அழைத்தால், அழைக்கப்பட்டது செய்யும் முதல் காரியம், அழைத்தவர் ரெஜிஸ்டரில் வைத்திருந்ததையெல்லாம் 13-ஆம் எண் ரெஜிஸ்டர் காட்டும் இடத்தில் பத்திரப்படுத்துவது. போகும்போது எல்லாவற்றையும் இருந்தபடியே திருப்பி வைக்கவேண்டும். காலி செய்யும் குடித்தனக்காரர் ஆணி அடித்த ஓட்டையைப் பூசிவிட்டுப் போவதுபோல. தாங்கள் எங்களைக் காலி செய்தபோது எதைப் பத்திரப்படுத்தினீர்கள்?

சொல்லியே விடுகிறேன். 1999 டிசம்பர் 31 இரவு அலுவலகத் தரையில் செய்தித்தாள் விரித்துப் படுத்திருந்தவன் நான். ஆண்டுக்கு இரண்டே இலக்கம். 50-க்குக் கீழே இருந்தால் 20 சேர், இல்லாவிட்டால் 19 சேர் என்று ஒட்டுப்போட்டு, பக்கத்தில் 'தற்காலிகம்' என்று எழுதினேன். பிறகு ஒழுங்காக மாற்றிவிடலாம் என்றோம். பட்ஜெட் இல்லை என்றீர்கள். இரண்டு பிள்ளைகளை எங்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள், கற்றுக்கொடுக்கிறோம் என்றோம். பில்லிங் இல்லாத ஆளுக்கு நாற்காலி எதற்கு என்றீர்கள். 58 முடிந்ததும் ஒரு சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம். இப்போது அசெம்ப்ளருக்கு ஆளே கிடைப்பதில்லை என்று அங்கலாய்க்கிறீர்கள். வெட்கமாயில்லை?

மன்னிக்கவேண்டும். ஒரு ஸ்க்ரூ கழன்றுவிட்டது. முறுக்கிக்கொண்டேன்.

தாங்கள் தந்த சுவர்க்கடிகாரம் அமோகமாக ஓடுகிறது. மெயின்பிரேமுக்குள் இருக்கும் பழைய 64-பிட் கடிகாரத்தைத்தான் நினைவூட்ட ஆசை. 1900 ஜனவரி 1-லிருந்து எண்ணிவரும் அது 2042 செப்டம்பர் 17-ல் நிரம்பி, மறுபடி சுழியத்துக்குப் போகும். நீண்ட கடிகாரம் ஒன்றை ஐபிஎம் எப்போதோ கொடுத்துவிட்டது. ஆனால் பழைய நிரல்களை ஒவ்வொன்றாகத் திறந்து மாற்ற மனிதர் வேண்டும். 2042-க்கு நிறைய நாள் இருக்கிறதே என்பீர்கள். இன்று கொடுக்கும் 20 வருட வீட்டுக்கடனின் கடைசித் தவணை அந்த நாளைத் தாண்டிவிட்டது, ஐயா. அதற்கும் ஹார்டுவேர் பிரிவில் ஆள் எடுங்கள்.

உத்தரவுப்படி புறப்படுகிறேன். விமானத்தில் ஸ்க்ரூ டிரைவரைக் கைப்பையில் விடமாட்டார்கள், கருவியைப் பிரிந்திருக்க எனக்கும் மனமில்லை. ஆகவே கப்பலில் வருகிறேன். சென்னை சேர மூன்று நாள் பிடிக்கும். வட்டி அதுவரை காத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த ஃபிட்டர்

பின்குறிப்பு: செலவுக் கணக்கு. கடைத்தெருவில் ஸ்க்ரூ டிரைவர் ஒன்று, 40 ரூபாய். பழைய சிவப்பு இருபது ரூபாய்த் தாள் இரண்டைக் கொடுத்தேன். பின்பக்கம் தென்னையும் கடலுமாக இருக்குமே, எங்கள் ஊருக்கு மேலே, அப்போது ஹாரியட் என்று பெயர் கொண்டிருந்த மலையிலிருந்து தெரியும் காட்சி, அதுதான். 2019-ல் வந்த புதுத் தாளில் எல்லோரா. கடைக்காரர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டார்.