இயங்கலையில் ஒரு தங்கம்

இயங்கலைப் புத்தாக்கப் போட்டி என்பது, மாணவர் வீட்டுப் படி தாண்டாமல் அனைத்துலக அளவில் தங்கம் வெல்ல உதவும் ஏற்பாடு. மலேசியாவின் பேராக்கில் இது 2020க்குப் பிறகு செழித்தது. நாட்டிலேயே தமிழ்ப்பள்ளிகள் அதிகம் உள்ள மாநிலம் இதுதான்: 134 பள்ளிகள். அவற்றில் பல, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய்த் தாமான் வீடுகள் வந்த பிறகும் ‘தோட்டத் தமிழ்ப்பள்ளி’ என்ற பெயரை விடாமல் வைத்திருக்கின்றன. தோட்டத்தை இப்போது பெயர்ப்பலகையில் மட்டும் காணலாம்.

புத்தாக்கம் இம்மாநிலத்துக்குப் புதிதல்ல. 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்த ரப்பர் கன்றுகளில் 9, கோலகங்சாரில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோவின் வீட்டுத் தோட்டத்தில் ஊன்றப்பட்டன. மரங்கள் வளர்ந்தன, அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் யாருக்கும் விளங்கவில்லை. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் வெட்டுமுறையைக் கண்டார். சட்டைப்பை நிறைய விதையோடு தோட்ட முதலாளிகளைத் தேடி அலைந்தார். காப்பி நல்ல விலைக்குப் போன காலம் அது. அவருக்குக் கிடைத்தது ‘கிறுக்கு ரிட்லி’ என்ற பட்டம். இன்றைய நடுவர் படிவத்தில் ‘வணிக மதிப்பு’ என்ற கட்டத்தில் ஐந்துக்கு ஒன்று விழுந்திருக்கும், வெண்கலம் தேறியிருந்தால் அதிர்ஷ்டம். பிறகு காப்பி விலை சரிந்தது, ரப்பர் ஏறியது, பால் வெட்டக் கப்பல் கப்பலாகத் தமிழர்கள் வந்து இறங்கினார்கள். ரிட்லி 1956 வரை, 100 வயதைத் தாண்டி வாழ்ந்தார். மேல்முறையீடு முடிய அவ்வளவு நாள் ஆகும் என்று எதிர்பார்த்திருப்பார் போலும்.

அப்படி வந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. விடிவதற்குள் ரப்பர் மர நிரைக்குப் போனவர்கள், புகையும் கொசுவர்த்திச் சுருளை ஒரு தகரத்தில் வைத்து இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு மரம் மரமாக நடந்தார்கள். இரண்டு கையும் வேலைக்கு விடுதலை, கொசுவும் கிட்ட வராது. இதற்கு எந்தத் தோட்டக் கிராணியும் சான்றிதழ் தரவில்லை. அதே சங்கதியை இன்று பேரப்பிள்ளை எலுமிச்சைப் புல்லும் ஒரு குட்டி மின்விசிறியும் சேர்த்துச் செய்து, பெயருக்கு முன்னால் ‘ஸ்மார்ட்’, பின்னால் ‘2.0’ என்று போட்டால் வெள்ளிக்குக் குறையாது. 1.0 எங்கே என்று எந்த நடுவரும் கேட்டதில்லை.

போட்டி பெருகியதற்குக் காரணங்கள் இரண்டு. 2020 மார்ச் 18இல் கோவிட் கால நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகளைப் பூட்டியது. வகுப்பு புலனம் என்னும் வாட்ஸ்அப்புக்கும் கூகல் மீட்டுக்கும் குடிபெயர்ந்தது, போட்டியும் பின்னாலேயே போயிற்று. இரண்டாவது காரணம் உறவினர்கள். திருமண வீடுகளில் “எத்தனை ஏ?” என்று கேட்டே பிள்ளைகளை எடைபோட்டு வந்தவர்களுக்கு, 2021இல் ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வு ஒழிக்கப்பட்டதும் கேட்க ஒன்றுமில்லாமல் போயிற்று. அந்தக் காலியிடத்தில் பதக்கம் வந்து உட்கார்ந்தது. புறப்பாடப் புள்ளிக் கணக்கில் அனைத்துலகச் சாதனைக்கு மதிப்பு அதிகம் என்பதும் பெற்றோருக்குத் தெரியாததல்ல.

போட்டிக்கு முதலில் வேண்டியது ஒரு சிக்கல். திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர் இதற்காக நெடுந்தூரம் போகவில்லை. தெருவில் துணி தேய்ப்பவரின் கரிப்பெட்டியைப் பார்த்தார். சூரிய ஒளியில் இயங்கும் தேய்ப்பு வண்டியை வடிவமைத்து 2020இல் சுவீடனின் சிறுவர் பருவநிலைப் பரிசைப் பெற்றார், மறு ஆண்டு கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் உலகத் தலைவர்களுக்கு முன்னால் பேசினார். எல்லாருக்கும் சிக்கல் இப்படித் தெருவில் காத்திருப்பதில்லை. பெரும்பாலான வீடுகளில் பொருள் முதலில் உருவாகிவிடும், அது தீர்க்கப்போகும் சிக்கலைக் கடைசி வாரத்தில் ஆசிரியரும் அம்மாவும் சேர்ந்து தேடுவார்கள்.

அடுத்தது காணொளி. சாப்பாட்டு மேசையில் மைலோ டின். அதில் சாய்த்து வைத்த அண்ணனின் கைப்பேசி. பின்சுவரில் போன ஆண்டு நாள்காட்டியை மறைத்துத் தொங்கும் பாட்டியின் சேலை. மாணவர் பள்ளிச் சீருடையில் இருப்பார், இடுப்பு வரைக்கும். மேசைக்குக் கீழே கைலி. “வணக்கம், செலாமாட் பாகி, குட் மார்னிங்” என்று தொடங்கியதும் பக்கத்து வீட்டுச் சேவல் கூவும், மீண்டும் முதலிலிருந்து. மூன்றாம் முறை குக்கர் விசில். சமையலைத் தள்ளிப்போட்டுக் குடும்பமே மூச்சை அடக்கி நிற்கும்போது, “இன்னுமா முடியல?” என்று வரும் பாட்டியின் குரல் மட்டும் துல்லியமாகப் பதிவாகும்.

நடுவர் நேர்காணலில் நேரக் கணக்கு முக்கியம். ஏற்பாட்டாளர் பல வேளைகளில் இந்தோனேசியாவில் இருப்பார். ஜாகர்த்தா மலேசியாவுக்கு ஒரு மணி நேரம் பின்னால். அறிவிப்பில் இருப்பது எந்த ஊர் நேரம் என்று புலனக் குழுவில் முதல்நாள் இரவு வரை வழக்கு நடக்கும். உற்பத்திச் செலவு, சந்தை, இலாபம் என்று பத்து வயதுப் பிள்ளையிடம் நடுவர் கேட்பதெல்லாம் வங்கி மேலாளர் கேட்க வேண்டியவை. விலை 15 ரிங்கிட் என்று பிள்ளை தயங்காமல் சொல்லும். அதை எழுதிக் கொடுத்தவர் திரைக்கு வெளியே தலையாட்டிக்கொண்டிருப்பார்.

முடிவு பெரும்பாலும் தங்கம். இதில் மோசடி எதுவும் இல்லை. இத்தகைய போட்டிகள் பலவற்றில் பதக்கம் இடவரிசைக்குத் தரப்படுவதில்லை. குறித்த மதிப்பெண்ணை எட்டிய எல்லாருக்கும் தங்கம் உண்டு. பிள்ளைகள் இதை உடனே புரிந்துகொள்கிறார்கள். பெரியவர்களுக்குத்தான் குழப்பம்.

“மொத பரிசாய்யா?”

“தங்கம், பாட்டி.”

“அப்ப ரெண்டாவது யாரு?”

“அவனுக்கும் தங்கம்தான்.”

பாட்டி நகைக்கடை விலையை நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவார்.

பிறகு வழக்கமான சடங்குகள்: பள்ளி வாசலில் பதாகை, நாளிதழில் படம், சட்டமன்ற உறுப்பினர் கையில் ஆள் உயர அட்டைக் காசோலை. படத்தில் வென்றவரைக் கண்டுபிடிக்கச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். ஓரத்தில், காசோலைக்குப் பின்னால் நெற்றி மட்டும் தெரிபவர்தான் அவர். கண்டுபிடிப்பு பிரிக்கப்பட்டு, டப்பா சமையலறைக்கும் மோட்டார் தம்பியின் காருக்கும் திரும்பும்.

கடைசியாகச் சான்றிதழ் மின்னஞ்சலில் வரும். மலேசியத் தமிழர் பெயரின் நடுவில், தந்தை பெயருக்கு முன் ‘மகன்’, ‘மகள்’ என்ற பொருளில் வரும் ‘அ/லெ’, ‘அ/பெ’ என்பவற்றை வெளிநாட்டு ஏற்பாட்டாளர்கள் ஏதோ பட்டம் என்று எண்ணிப் பெயருக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பதுண்டு, சில வேளை தந்தைக்கே தங்கத்தைக் கொடுத்துவிடுவதும் உண்டு. திருத்தித் தரும்படி ஆசிரியர் எழுதுவார். திருத்திய பிரதி வருவதற்குள் அடுத்த ஆண்டுப் பதிவு தொடங்கியிருக்கும். கட்டண ரசீதில் இந்தமுறை பெயர் சரியாக இருக்கும்.