மீன்தொட்டிப் பீடவியல்: டிவி ஸ்டாண்டை முன்வைத்து ஓர் ஆய்வு

ஹாலில் மீன்தொட்டி எப்படி வந்தது என்று கேட்டால் பிள்ளை ஆசைப்பட்டது என்பார்கள். வடகிழக்கில் தண்ணீர் இருப்பது நல்லது என்று வாஸ்துக்காரர் சொன்னார் என்பார்கள். இரண்டும் பிற்கால இடைச்செருகல்கள். மூல காரணம், டிவி சுவரேறியது. முதுகு பெருத்த பழைய டிவி போய்த் தட்டை டிவி சுவரில் தொங்கியதும், அதுவரை சுமந்துகொண்டிருந்த ஐந்தடி ஸ்டாண்டுக்கு வேலை போயிற்று. காலிப் பலகையைக் காலியாக விட்டுவைக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் இல்லை. எனவே மீனுக்கு மேசை தேடுகிறார்கள் என்ற பொதுக்கருத்தைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. மேசைக்குத்தான் மீன் தேடுகிறார்கள்.

அஃதேல், ஸ்டாண்ட் தாங்குமோ எனின், “29 இன்ச் டிவியையே தாங்கிச்சு, இதைத் தாங்காதா?” என்பது குடும்பத் தலைவர் கூற்று. கேட்க வலுவாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த டிவி 40, மிஞ்சினால் 50 கிலோ. சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் நின்று விலை பேசுகிற தொட்டியோ 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். 9 கன அடி. அதாவது 255 லிட்டர் அளவு. லிட்டருக்கு ஒரு கிலோ என்பது பால் பாக்கெட் தூக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தொட்டி விஷயத்தில் மட்டும் மறந்துபோகும். 10 மில்லிமீட்டர் கண்ணாடிக்கு ஓர் ஐம்பது கிலோ, அடியில் பரப்பும் கூழாங்கல்லுக்குக் கொஞ்சம் என்று சேர்த்தால், விளிம்புக்கு ஓர் அங்குலம் குறைத்து நிரப்பினாலும் கணக்கு 320 கிலோ பக்கம் போய் நிற்கிறது.

இத்துறையில் பாரத்தை அளக்கும் மரபான அலகு மாமா. மேசையின் வலிமையில் ஐயம் எழும்போது, வீட்டுக்கு வந்திருக்கும் மாமா அதன்மேல் ஏறி உட்கார்ந்து இரண்டு முறை குலுங்கிக் காட்டி, “ஒண்ணும் ஆகாது மாப்ள, தாராளமா வைங்க” என்று சான்றளிப்பார். ஒரு மாமா 80 கிலோ எனக் கொண்டால், தொட்டி நான்கு மாமா. குறை எண்ணிக்கையோடு நிற்கவில்லை. சான்றளித்த மாமா காபி வந்ததும் இறங்கிவிடுகிறார். தொட்டி இறங்காது. மரப்பலகை ஒரு நாள் அசையாமல் சுமந்த பாரத்தையே ஓராண்டு சுமந்தால் மெல்ல மெல்லத் தொய்ந்துகொண்டே போகும். போதாக்குறைக்கு, தாங்கல் இல்லாத இடைவெளி இரண்டு மடங்கானால் அதே பாரத்துக்குத் தொய்வு எட்டு மடங்கு. டிவி ஸ்டாண்டில் அகலமான இடைவெளி எங்கே இருக்கிறது? செட்டாப் பாக்ஸும் டிவிடி பிளேயரும் உட்காரட்டும் என்று நட்டநடுவில்.

நோயின் முதற்குறி கதவில் தோன்றும். ஸ்டாண்டின் கீழ்க்கதவு மேல் விளிம்பில் உரசத் தொடங்கும். வீட்டார் கீலுக்குத் தேங்காய் எண்ணெய் விடுவர். மறுவாரம் மீண்டும் விடுவர். அடுத்த குறியைத் தண்ணீரே காட்டும். தொட்டிக்குள் எப்போதும் ஒரு ரசமட்டம் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு மூலையில் நீர்மட்டம் விளிம்பை நெருங்கி மறு மூலையில் விலகி நின்றால், மேசை சரிகிறது என்று பொருள். மூன்றாம் குறி பின்பக்கம், யாரும் குனிந்து பார்க்காத இடத்தில். ஏர் பம்ப் டியூப் வழியே சொட்டுச் சொட்டாய் இறங்கிய நீர், மைக்கா ஒட்டாத விளிம்பில் ஏறி மரத்தூள் பலகையை ஊதவைத்திருக்கும். அப்பலகை காய்ந்தாலும் பழைய பருமனுக்குத் திரும்பாது. நகத்தால் சுரண்டினால் தூளாக உதிரும்.

“நம்மது மெரைன் பிளை, ஐஎஸ் 710 முத்திரையே இருக்கு” என்பர் ஒருசாரார். அம்முத்திரை தண்ணீரில் பசை விடாது என்று உறுதி சொல்கிறது. தச்சர் இரண்டடிக்கு ஒரு தாங்கல் கொடுத்தாரா என்பது பற்றி அது வாய் திறக்கவில்லை.

பிற மரபுகளைச் சுருக்கமாகக் காண்போம். பாட்டியின் தையல் மெஷின் கால் வார்ப்பிரும்புதான். ஆயினும் தைக்கும்போது ஆடியது தொட்டி வைத்தால் ஆடாது என்று கொள்ள இடமில்லை. பீரோவின் உச்சித் தகடு மெல்லியது. மேலும் மீனுக்குத் தீனி போட ஸ்டூல் ஏற வேண்டும். கடப்பா கல் நெருங்கிய தாங்கல்களின் மேல் நன்றாகவே சுமக்கும். ஆனால் மரம் முனகி எச்சரிப்பதுபோல் கல் எச்சரிக்காது. போகும்போது ஒரேயடியாகப் போகும். என் தனிப்பட்ட சாய்வு கடப்பா பக்கம்தான்.

இத்தனை கனம் ஏன் கண்ணுக்குப் படுவதில்லை? ஃபிலிப் ஹென்றி காஸ் 1854-இல் எழுதிய நூலைத் தொடர்ந்து இங்கிலாந்தின் வரவேற்பறைகளில் மீன்தொட்டி மோகம் பரவிய காலத்தில், தொட்டிகளுக்கு இரும்புச் சட்டமும் கற்பலகை அடியும் இருந்தன. பார்த்த மாத்திரத்தில் பயம் வரும். பின்னாளில் சிலிக்கோன் பசை வந்து சட்டத்தைக் கழற்றிவிட்டது. இன்று நாம் காண்பது வெறும் கண்ணாடி, நடுவே இரண்டு தங்கமீன். அந்தப் பசைக்கு இழுபட்டால் பொறுக்கும், முறுக்குப்பட்டால் பொறுக்காது. மேசை தொய்ந்தால் நிகழ்வதோ முறுக்கல்தான். அடியில் தெர்மாகோல் போட்டிருக்கிறோமே எனின், தெர்மாகோல் சிறு மேடுபள்ளங்களை விழுங்கும், தொய்வை விழுங்காது.

இந்நிலையில் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு நான்கு பேர் தூக்கினால் போதும் என்றொரு கட்சி கிளம்பும். மிச்சமுள்ள 120 கிலோ சொச்சத் தண்ணீர் ஒரு மூலைக்கு ஓட, அடிக்கண்ணாடியில் விரிசல் விழும்போது அக்கட்சி கலையும். முழுவதும் இறைத்தே தீரவேண்டும். கடைக்காரர் முதல் நாளே காட்டி, “வீட்ல ஸ்டாண்ட் இருக்கு” என்று நாம் மறுத்த ஆங்கிள் இரும்பு ஸ்டாண்ட் அதன்பின் வந்து சேரும். அது ஹாலுக்கு அழகாக இல்லை என்பதில் வீட்டில் கருத்து வேறுபாடு கிடையாது. அதை மறைக்கத் திரை கட்டுவதா, பிளைவுட் கதவு போடுவதா என்பதில்தான் இரு பள்ளிகள். கதவுப் பள்ளியார் ஏற்கெனவே தச்சரை வரச்சொல்லிவிட்டனர்.