நகலும் ஊரும்

கேள்வி: பழைய அமெரிக்க ஊர்ப் படங்களை அச்சடித்து ஃப்ரேம் போட்டு விற்கிறார்களே, நகலுக்கு என்ன மதிப்பு?

பதில்: அசலைக் காட்டுங்கள், பேரம் பேசுவோம்! நியூயார்க், டச்சுக்காரர்களின் நியூ ஆம்ஸ்டர்டாமாக இருந்த 1660இல், ஜாக் கோர்ட்டெல்யூ என்ற நில அளவையாளர் அளந்து வரைந்த படம் தொலைந்தே போயிற்று. கையால் வரைந்த ஒரு பிரதி இத்தாலியின் மெடிசி குடும்பத்திடம் போய்ச் சேர்ந்து, ஃபுளோரன்ஸ் பக்கத்துக் காஸ்டெல்லோ மாளிகையில் கிடந்து, 1900இல்தான் கண்ணில் பட்டது. 1916இல் அதைத் தெளிவாக்கி மறுபடி வரைந்தார்கள். கடையில் அதிகம் கிடைப்பது இந்தப் பேரன்தான். ஊரின் வடக்கு எல்லையில் ஒரு மரச்சுவர் ஓடும், பாருங்கள். வால் ஸ்ட்ரீட்டுக்குப் பெயர் கொடுத்தது அதுதான் என்பார்கள். இன்று அங்கே சுவரைத் தவிர எல்லாம் இருக்கிறது.

‘படத்தில் தோட்டமெல்லாம் கோலம் போட்ட மாதிரி இருக்கிறதே, நம்பலாமா?’ என்றால், பாத்திகளை நானும் நம்பவில்லை. அழகுக்குச் சேர்த்ததாக இருக்கலாம். ஆனால் வீடுகள் அப்படியல்ல. ஸ்டோக்ஸ் என்ற ஆய்வாளர் பழைய பத்திரங்களோடு ஒத்துப் பார்த்து, எந்த வீடு யாருடையது என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறார். படம் வரைந்தவர் பூச்செடியில் பொய் சொல்லியிருந்தாலும், பட்டாவில் சொல்லவில்லை. வாங்கும்போது மட்டும், காஸ்டெல்லோ பிரதியின் நகலா, 1916 படமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.