இன்டர்வியூ ஜோசியர்

ஜவளகிரி டீக்கடை பெஞ்சில், பிளாஸ்டிக் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, போனையே பார்த்தபடி ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவர்தான் நம்மாள். படிப்பு, டிப்ளமோ மெக்கானிக்கல். தொழில், இன்டர்வியூவுக்குப் போய் வருவது. ஒரு பக்கம் ஓசூர் சிப்காட். கர்நாடக எல்லையைத் தாண்டினால் ஜிகணி, பொம்மசந்திரா. வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், சந்தையில் கன்னடம். ஆகவே "அப்புறம் கூப்பிடுறோம்" என்பதை மூன்று மொழியிலும் பிழையில்லாமல் கேட்டிருக்கிறார்.

இன்டர்வியூ முடிந்தால் மற்றவர்கள் பஸ்ஸைப் பிடிப்பார்கள். இவருக்கு அப்போதுதான் வேலையே ஆரம்பம். ஹெச்.ஆர். கேட்ட கேள்விகளை வைத்துப் பலன் கணிக்க வேண்டுமே!

"பைக் இருக்கான்னு கேட்டாருண்ணா. எடுக்காத ஆளுக்கு பைக் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

"தண்ணி குடுத்தாங்களா?" என்பார் டீக்கடைக்காரர், கேட்டுக் கேட்டுத் தேறியவர்.

"சில்லுன்னு குடுத்தாங்க."

"அப்ப ஆயிடும்ப்பா."

ஆகாது.

"எவ்வளவு எதிர்பாக்கறீங்க?" என்றால் பாதி வேலை கிடைத்தாயிற்று. "எப்ப சேர முடியும்?" என்றால் முக்கால்வாசி. "நாளைக்கேகூட சார்" என்று இவர் எழுந்து நின்று சொன்னார். கேட்டவரிடமிருந்து நாலு மாதமாகப் பேச்சு மூச்சில்லை. நாளைக்கே ஆள் வேண்டும் என்கிற அவசரமும், வேண்டாம் என்று சொல்லக்கூட நேரமில்லாத மெத்தனமும் ஒரே ஆபீசில் எப்படிக் குடித்தனம் நடத்துகின்றனவோ! மூன்று செட் ஜெராக்ஸ் வாங்கி வைத்தவர்களுக்கு இவர் நம்பர் தெரியாமலா போகும்? பாவம், அந்த ஹெச்.ஆர். பையனும் காண்ட்ராக்ட்தானாம்.

யானைக்குக் கிடைக்கும் மரியாதையில் கால்வாசிகூட இவருக்குக் கிடையாது. ராகி முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டாவிலிருந்து யானைக் கூட்டம் ஜவளகிரிக் காட்டுக்குள் இறங்கும். எத்தனை யானை, எந்தப் பக்கம் நகர்கிறது, யாரும் ராத்திரியில் வெளியே வராதீர்கள் என்று வனத்துறை எச்சரிக்கும். இவருடைய ஃபைல் எந்த மேஜையிலிருந்து எந்த மேஜைக்கு நகர்ந்தது என்று சொல்லத்தான் நாதியில்லை.

2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை, தனியார் வேலைகளில் உள்ளூர்க்காரர்களுக்கு ஒதுக்கீடு தரும் மசோதாவுக்கு ஒப்புதல் கொடுத்தது. கம்பெனிகள் சத்தம் போட்டதும் நிறுத்தி வைத்தது. டீக்கடை கலங்கிப் போனது. நம்மாள் அசரவில்லை.

"நிறுத்தி வெச்சிருக்கோம்னா என்னன்னு எனக்குத் தெரியாதாண்ணா? இப்போதைக்கு ஒண்ணும் நடக்காது."

அவர் கணித்ததில் பலித்தது அது ஒன்றுதான்.

போன் அடிக்காமலும் இல்லை. பர்சனல் லோன் வேண்டுமா என்று யாராவது ஒரு பெண் தினமும் அன்பாக விசாரிப்பாள். சம்பளமே இல்லாதவருக்குக் கடன் கொடுக்க அத்தனை பேர் தவிக்கிறார்கள். போன வாரம் போனை சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். அடித்தது. அம்மா எடுத்தார்.

"யாரோ ஒரு பொண்ணு. கம்பெனியாம். எப்ப வந்து சேருவாருன்னு கேட்டுச்சு. லோனெல்லாம் வேண்டாம் தாயின்னு வெச்சுட்டேன்."

திருப்பி அடித்தால் யாரும் எடுக்கவில்லை. தலையைக்கூடத் துவட்டாமல் நின்றார். பிறகு மெதுவாக விசாரணையைத் தொடங்கினார்.

"அந்தப் பொண்ணு 'சேருவாரு'ன்னு சொல்லுச்சா, 'சேருவான்'னு சொல்லுச்சாம்மா? நல்லா யோசிச்சுச் சொல்லு."